கண்ணில் போட்ட மூன்று தையல்

பிள்ளைகளே, நான் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்து, "அப்பா மாதிரி" என்று சிரிப்பது உங்களுக்கு ஒரு விளையாட்டு. சின்னவள் அதில் கெட்டிக்காரி. சிரியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமோ அது உங்களுக்குத் தெரியாது. கண்ணாடி தடிப்பாக இருப்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. புரை எடுத்தவன் எவனுக்கும் அப்படித்தான் இருக்கும். இந்தக் கண்ணாடி வருவதற்கு முன்னால் நான் நடந்துகொண்டேனே, அதற்குத்தான் சிரிக்க வேண்டும். உங்கள் அம்மா சொன்னால் கதை ஒரு மாதிரி இருக்கும், உங்கள் மாமா சொன்னால் வேறு மாதிரி இருக்கும். இரண்டிலும் கோமாளி நான்தான். அதனால் நானே எழுதிவிடுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

இலுப்பூர் கடைவீதியில் நம் கடை எவ்வளவு இடம் என்று உங்களுக்குத் தெரியும். வெட்டுமேசையை நெட்டுவாக்கில் உள்ளே தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் சுவர் முட்டும். மேசையின் தலைமாட்டில் நின்றுதான் வெட்ட முடியும். வாசலை ஒட்டி மெஷின். அவ்வளவுதான் கடை. ஆனால் அதில் வெட்டுகிறவன் நான். எங்கள் தொழிலில் வெட்டுகிறவன்தான் ஆள். மெஷின் மிதிக்கிறவன் அடுத்தது. பட்டன் கட்டுகிறவன் கடைசி. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தபோது, குருடாகிவிடுவோம் என்றுகூட நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. எதிர்க்கடையில் போய், வாசலோரம் உட்கார்ந்து, அடுத்தவன் வெட்டித் தைத்த சட்டைக்குத் தடவித் தடவிப் பட்டன் கட்ட வேண்டி வருமோ என்பதுதான் என் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. கறுப்பு நூலுக்கும் கருநீல நூலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய், ஒரு வாத்தியாருடைய வெள்ளைச் சட்டைக்கு மஞ்சள் நூலில் காஜா எடுத்துக் கொடுத்த பிறகு, உங்கள் அம்மாதான் என்னைத் திருச்சிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கீரமங்கலத்துப் பெரியவர் ஒருவர். அவருக்கு ஒரு கண் பத்து வருஷத்துக்கு முன்பே ஆகியிருந்தது. இப்போது மறு கண்ணுக்கு வந்திருந்தார்.

"எனக்கு மொத கண்ணு பண்ணுறப்ப தையலே கெடையாது தம்பி," என்றார். "அறுத்துப் புரையை எடுத்துட்டுக் கட்டிப் போட்ருவாங்க. தலைக்கு அங்கிட்டு ஒரு மணல்பை, இங்கிட்டு ஒரு மணல்பை. பத்து நாளு அசையக்கூடாது. இருமக்கூடாது. எனக்கு நாலாம் நாளு தும்மல் வந்துருச்சு."

"அய்யய்யோ. என்ன செஞ்சீங்க?"

"மூக்கைப் பிடிச்சு முழுங்கிட்டேன். அந்தத் தும்மல் இன்னும் உள்ளதான் கெடக்கு."

"இப்ப எப்படியாம்?"

"இப்பப் பட்டு நூல்ல தைச்சு விட்டுர்றாங்களாம். சீக்கிரம் எந்திரிச்சு உக்காரலாமாம்."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த பெருமையை என்ன சொல்ல. வைத்தியம் இத்தனை காலம் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்து கடைசியில் எங்கள் தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. தையலைப் பற்றி அந்த வார்டில் யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் என்னிடம் கேட்கலாம் என்று சொல்லிவைத்தேன். யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

மறுநாள், முதலில் ஒரு கண்ணுக்கு என்று, மேசையில் படுக்கவைத்துச் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணுக்குக் கீழே ஓர் ஊசி போட்டார்கள். முகத்தின் மேல் ஓட்டை வைத்த துணியைப் போர்த்தினார்கள். கண் மரத்துப்போய்விட்டது. காது நன்றாகக் கேட்டது. வாயும் நன்றாக வேலை செய்தது. ஆபரேஷன் செய்தவர் ஒரு டாக்டரம்மா. புரையை எடுத்தாகிவிட்டது என்று சொன்னார். பிறகு நர்ஸிடம் நூல் கேட்டார்.

"என்ன நூல்மா?" என்றேன், துணிக்கு அடியிலிருந்து.

"பட்டு நூல். பேசாதீங்க."

"பட்டு வழுக்கும்மா. முடிச்சு நழுவிரும். இறுக்கிப் பிடிச்சு ரெண்டு சுத்துச் சுத்திப் போடுங்க."

அவர் கை கொஞ்சம் நின்றது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"டெய்லருங்க."

"நீங்க வெட்டுறப்ப துணி பேசுமா?"

"பேசாதுங்க."

"அப்ப நீங்களும் துணியாவே இருங்க."

நர்ஸ் மூச்சுவிடாமல் சிரிப்பது கேட்டது. நான் துணியாக இருந்தேன். ஆனால் முடிந்துவிட்டது என்று சொன்னதும் பொறுக்காமல், "எத்தனை போட்டீங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். "மூணு," என்றார். "மூணுதானா?" என்றேன். 

ஆபரேஷன் ஆகாத கண்ணையும் சேர்த்துக் கட்டிப் படுக்கப் போட்டிருந்த அந்த நாட்களில் என் வாய்க்கு வேறு வேலை இல்லை. உங்கள் அம்மா கஞ்சியைக் கரண்டியில் ஊட்டுவாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நான் டாக்டரம்மாவுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கதை ஓடும். முதல் நாள் கதையில் நான் சொன்னேன், அவர் அதட்டினார். மூன்றாம் நாள் கதையில் நான் சொன்னேன், அவர் யோசித்தார். கட்டுப் பிரித்த அன்று கதையில், "நீங்க சொன்னது சரிதான் டெய்லர்" என்று அவர் இறுக்கிப் போட்டுவிட்டார். இதை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு இலுப்பூர் முழுக்க அந்தக் கடைசிக் கதைதான் ஓடியது.

அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு தடித்த கண்ணாடி கொடுத்தார். "இது தற்காலிகம். ஆறு வாரம் கழிச்சு வாங்க. தையல் எப்படி இருக்குன்னு பாத்து, வேணும்னா எடுத்துவிட்டுட்டு, அப்புறம்தான் ஒங்க அளவுக்குக் கண்ணாடி எழுதுவேன். மறக்காதீங்க," என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

போகவில்லை. எந்தத் தையல்காரனுக்காவது இது ஆகுமா என்று யோசித்துப் பாருங்கள். தைத்துக் கொடுத்த உருப்படியை ஒருவன் திரும்பக் கொண்டுவந்து பிரிக்கச் சொன்னால், தைத்தவன் தப்பாகத் தைத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். நான் சொல்லி, நான் சொன்னபடி போட்ட தையலை (அப்போது என் ஞாபகம் அப்படித்தான்) போய்ப் பிரித்துக்கொண்டு வந்தால் கடைவீதியில் என்ன பேசுவார்கள்? ஆறு வாரம் ஆனதும் மழை என்றேன். எட்டு வாரம் ஆனதும் கோயில் திருநாளுக்குத் துணி குவிந்துவிட்டது என்றேன். குவிந்தது மெய்தான்.

முதலில் எல்லாம் அதிசயமாகத்தான் இருந்தது. எல்லாம் பெரிதாக, பக்கத்தில் வந்து நின்றது. டம்ளர் இருக்கிற இடத்துக்கு நாலு விரற்கடை முன்னாலேயே காப்பியை ஊற்றினேன். வெள்ளையெல்லாம் நீலம் பூத்துத் தெரிந்தது. வேட்டிக்கு நீலம் அதிகமாகப் போட்டுவிட்டாள் என்று உங்கள் அம்மாவிடம் சண்டை போட்டேன். அவள் அந்த வாரம் நீலமே போடவில்லையாம். அதெல்லாம் பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருந்தது. குறுக்குக்கோடுகள் காணாமல் போயிருந்தன.

எனக்கே இது புரிய நாள் ஆயிற்று. நெட்டாக நிற்கிற கோடு எல்லாம் ஊசி குத்தின மாதிரித் தெளிவாக இருந்தது. படுத்த கோடு எல்லாம் ஈரத்துணியில் மை ஊறின மாதிரி மேலும் கீழும் கலைந்து கிடந்தது. ஜன்னலில் நெட்டுக்கம்பி தெரிந்தது, குறுக்குக்கம்பி புகையாக இருந்தது. பஸ் படிக்கட்டில் படியின் விளிம்பு தெரியாமல் காலை வைத்துத் தவறி, மேலே நின்ற ஓர் அம்மாளின் முருங்கைக்காய்க் கட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தபோதுதான் பயந்துபோனேன். சிலுவையின் நெட்டுக்கட்டை இருந்தது. ஆண்டவர் கையை நீட்டியிருந்த குறுக்குக்கட்டை மட்டும் மங்கி, கலைந்து, இருக்கிறதா இல்லையா என்று இருந்தது. என் பெருமைக்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை என்றே முடிவு செய்து, அன்றைக்கே பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் போய், "சாமி, டாக்டருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன்," என்றேன்.  அவர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். தையலுக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

மூன்றும் சொன்னேன். குறுக்குக்கட்டை வரவில்லை.

கடையில் இது என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள். அளவு டேப்பை ஒருவருடைய மார்பைச் சுற்றிப் பிடித்தால் அதிலுள்ள கோடுகள் நெட்டாக நிற்கும், தெளிவாகப் படிப்பேன். அதே டேப்பைத் தோளிலிருந்து கீழே தொங்கவிட்டால் கோடுகள் படுத்துவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் நான் தைத்ததெல்லாம் அகலம் கச்சிதம், நீளம் கோணல். ஒருவருக்கு முழங்கை வரை வர வேண்டிய கை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அது கெஜம் போய் மீட்டர் வந்த சமயம். எல்லாப் பழியையும் மீட்டர் தலையில் போட்டேன். "கவர்மெண்டு பாருங்க, நல்லா இருந்த கெஜத்தைக் கெடுத்துருச்சு," என்று நான் சொன்னால், ஊரில் பாதிப் பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கும் கவர்மெண்டு மேல் ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

தலையைத் தோளோடு சாய்த்துப் பார்த்தால் படுத்த கோடு தெரிகிறது என்று பிறகு கண்டுபிடித்தேன். அதிலிருந்து சட்டை நீளம் எடுக்கும்போதெல்லாம் காக்காய் மாதிரித் தலையைச் சாய்த்தேன்.

"என்ன டெய்லர், கழுத்துப் பிடிச்சிருச்சா?" என்றார் ஒருவர்.

"ஆமாங்க, ரெண்டு நாளா," என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன பொய்க்கு விலை கொடுக்க வேண்டுமே. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் வைத்தியம் சொன்னார்கள். அது உங்கள் அம்மா காதுக்குப் போயிற்று. ஒரு மாதம் தினமும் காலையில் என்னைக் குனியவைத்து, நன்றாக இருந்த கழுத்தில் நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தாள். கழுத்து அதற்குப் பிறகுதான் வலித்தது.

இந்த நிலையில்தான் உங்கள் மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. அப்போது அவன் இலுப்பூர்–திருச்சி பஸ்ஸில் கண்டக்டர். மறுவீட்டு விருந்துக்குப் போட என்று ஒரு சட்டைத்துணி வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"திருச்சியில எடுத்தேன் மச்சான். கட்டம் சேந்து வரணும். பொண்ணு வீட்டு ஆளுக எல்லாம் பாப்பாங்க."

"முப்பது வருஷமாத் தைக்கிறவனுக்குச் சொல்றியாக்கும்? நீ போய் டிக்கெட்டைக் கிழி."

அவன் போனதும் துணியை மேசைமேல் விரித்தேன். என் மேசையில் எந்தத் துணியை விரித்தாலும் நீளவாக்கு என்னிடமிருந்து நெட்டாக எதிர்ப்பக்கம் ஓடும். கருநீலத்தில் அழகான கோடுகள் நேராக ஓடின. கட்டம் எங்கே? கோடு போட்ட துணியை வாங்கிவந்து கட்டம் என்கிறானே, டிக்கெட் கிழிக்கிறவனுக்குக் கோடு எது கட்டம் எது என்று என்ன தெரியும், என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். தலையைச் சாய்த்து ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். டேப்பைப் பார்க்கத்தான் சாய்ப்பேன், துணியைப் பார்க்க எதற்கு என்று இருந்துவிட்டேன். நீலக் கோட்டுக்கு நீலக் கோடு நூல் பிசகாமல் சேர்த்து, பையையும் அப்படியே பொருத்தித் தைத்தேன். என் ஆயுளில் அவ்வளவு கவனமாகத் தைத்த சட்டை வேறு இல்லை.

அவன் வந்து சட்டையை வாங்கினான். விரித்துப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். "நல்லா இருக்கு மச்சான்," என்று மடித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுவீடு வல்லத்திராக்கோட்டையில். ஆண்கள் பந்தியில் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே எனக்கு இலை போட்டார்கள். பெண்ணுக்குச் சித்தப்பா ஒருவர் உங்கள் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் சட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, சட்டை யாரு தைச்சது?"

"எங்க மச்சான்தான். எதுக்க உக்காந்திருக்காகளே."

"இல்ல, இடது பக்கத்துக் கட்டம் மேட்டுல ஏறுது, வலது பக்கத்துக் கட்டம் பள்ளத்துல எறங்குது. பை மட்டும் தனியா வேற ஊருக்குப் போயிக்கிட்டு இருக்கு. அதான் கேட்டேன்."

பந்தியே சிரித்தது. நான் கையில் சோற்றோடு தலையைத் தோளில் சாய்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். நீலக் கோட்டுக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் மெல்லிசாகக் கோடுகள். பட்டன் பட்டைக்கு இந்தப் பக்கம் ஓர் உயரம், அந்தப் பக்கம் ஓர் உயரம். பையில் வேறு உயரம். சேராத கட்டத்தை வெட்டினவன் பட்டன் கட்டத்தான் லாயக்கு என்று நானே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன். சாய்ந்த தலையை நிமிர்த்த எனக்குத் தோன்றவில்லை. கையிலிருந்த சோறு வேட்டியில் விழுந்தது.

உங்கள் மாமா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: "வேணும்னுதான் மாமா அப்படித் தைக்கச் சொன்னேன். திருச்சியில இப்ப இதான் பேஷன். கட்டம் சேந்திருந்தா பழைய சட்டைங்கிறான்."

"அப்படியா? தம்பி, அப்ப எனக்கும் ஒண்ணு அந்த மாதிரித் தைச்சுக் குடுங்க," என்றார் சித்தப்பா என்னைப் பார்த்து. கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். உங்கள் மாமா பின்னாலேயே வந்து செம்பில் தண்ணீர் ஊற்றினான்.

"கட்டம் தெரியல. அதான மச்சான்?"

"கழுத்து கொஞ்சம்..."

"கழுத்துல ஒரு மண்ணும் இல்ல. அக்கா தேய்ச்சதுல எண்ணெய்தான் தீந்துச்சு."

"ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"போன மாசம் எனக்குக் காக்கிப் பேண்ட் தைச்சீங்களே. இடுப்பு கச்சிதம். நீளம் கெண்டைக்கால்ல நிக்குது. பஸ்ஸுல ஏறுறவன் பூராம் 'என்ன கண்டக்டரே, எந்த ஊருல வெள்ளம்?'னு கேக்குறான்."

"அது மீட்டர்ல அளக்குறதுனால..."

"மீட்டரும் இல்ல, கிலோமீட்டரும் இல்ல. நாளை மறுநாள் எனக்கு டூட்டி. மொத ட்ரிப்புல முன்சீட்டுல வந்து உக்காருங்க. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிவிடுறேன்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "தெரிஞ்சுமா இதைப் போட்டுக்கிட்டு வந்த?"

"போடலைன்னா அக்கா ஏன்னு கேக்கும். நீங்க என்ன சொல்லுவீங்க?"

 செம்பை வாங்கி மறுபடியும் கையைக் கழுவினேன்.

முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். நான் கேட்டுத்தான் அவர் இறுக்கிப் போட்டார், இறுக்கியதால்தான் இப்படி ஆயிற்று, இதை நான் எந்த முகத்தோடு சொல்வேன் என்று. டாக்டரம்மா ஒரு சின்ன விளக்கைக் கண்ணில் அடித்து வெகுநேரம் பார்த்தார். நாலு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் மழையையும் திருநாளையும் விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"தப்பு என்மேலதாம்மா. நான்தான் இறுக்கிப் போடச் சொன்னேன்."

அவர் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லித்தான் நான் போட்டேன்னு நெனச்சீங்களா?"

"ஆமாங்க."

"துணி சொல்றதைக் கேட்டு யாராவது தைப்பாங்களா? நான் போட்டதுதான் நடுத்தையல் கொஞ்சம் இறுகிருச்சு. சில கண்ணுல ஆறி வர்றப்பத்தான் அது தெரியும். அதுக்குத்தான் ஆறு வாரத்துல வரச் சொன்னது."

பிள்ளைகளே, இத்தனை நாள் நான் சுமந்துகொண்டு திரிந்த குற்றம்கூட எனக்குச் சொந்தமில்லை. அதுவும் ஒரு பெருமைதான் என்று அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"மல் துணியில நூலை ரொம்ப இறுக்கினா என்ன ஆகும் டெய்லர்?" என்று கேட்டார்.

"சுருங்கி இழுத்துக்கும். நேரா நிக்காது."

"கண்ணுல முன்னாடி இருக்குற கண்ணாடிச் சவ்வும் அப்படித்தான். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைஞ்சு இருக்கணும். மேல ஒரு எடத்துல இறுக்கி இழுத்தா மேலுங்கீழுமா அதிகமா வளைஞ்சு நிக்கும், பக்கவாட்டுல அப்படியே இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு வளைவு, மறு பக்கத்துக்கு வேற வளைவு. அதான் ஒரு கோடு தெரியுது, ஒரு கோடு தெரியல."

"அப்ப லூசாப் போட்டா நல்லதாம்மா?"

"லூசாப் போட்டா வெட்டின வாய் சரியா மூடாது. கோணல் இந்தப் பக்கத்துக்குப் பதிலா அந்தப் பக்கம் வரும். அளவாப் போடணும். ஒங்க தொழில்ல எப்படி?"

"அளவாத்தாம்மா போடணும்," என்றேன். மெல்லிசுத் துணி வந்தால் மேல்நூலைத் தளர்த்தாமல் தைக்கிறவனை நானே திட்டுவேன். என் கண்ணை முரட்டுக் காடாத்துணி என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்த நடுத்தையலை எடுக்க வேண்டும் என்றதும் எனக்குப் பழைய ரோஷம் மறுபடி வந்துவிட்டது. "போட்டதைப் பிரிக்கிறதாம்மா?" என்றேன்.

"கோட்டு, சூட்டுன்னு தைக்கிறப்ப மொதல்ல கையால நீளநீளமா ஓட்டி வைப்பீங்கல்ல? மெஷின் தையல் விழுந்தப்புறம் அதை என்ன செய்வீங்க?"

"உருவிருவோம்."

"அதே வேலைதான். உள்ள காயம் ஒட்டிருச்சு. இனி இது எதுக்கு?"

மருந்து விட்டார். கண்ணுக்கு நேரே ஏதோ மினுங்கியது. ஒரு சின்ன வெடுக். அவ்வளவுதான். ஒரு துண்டுப் பஞ்சில் அந்த நூலை வைத்துக் காட்டினார். புருவமயிரில் கால்வாசி இருக்காது. தலையைச் சாய்த்துத்தான் பார்த்தேன். இதற்கா இத்தனை பேச்சுப் பேசினோம் என்று இருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில வாரம் கண்ணை ஆறவிட்டு மறுபடி போனேன். சூரியன் கதிர் விடுகிற மாதிரி நாலாபக்கமும் கோடு போட்ட ஓர் அட்டையைக் காட்டி, எந்தக் கோடு அதிகக் கறுப்பு, எது மங்கல் என்று கேட்டார். முன்பென்றால் பாதி அட்டை காணாமல் போயிருக்கும். இப்போது எல்லாம் இருந்தன, குறுக்கே போனது மட்டும் கொஞ்சம் சோகையாக. அந்த மிச்சக் கோணலுக்கு, ஒரு பக்கத்துக்கு மட்டும் வளைவு வைத்த கண்ணாடி உண்டாம். சிலிண்டர் என்றார். அதை என் கண்முன் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இப்படியா அப்படியா என்று கேட்டுக் கேட்டு நிறுத்தினார். நீங்கள் போட்டு விளையாடுகிறது அதுதான். முழுசும் தீராது, கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்றும் சொல்லிவிட்டார்.

"துணி வெட்டலாமாம்மா?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல முடியாது. வெட்டிப் பாத்துட்டு நீங்கதான் சொல்லணும்," என்றார். வாசல் வரை போனவனைக் கூப்பிட்டு, "அடுத்த கண்ணுக்கு வர்றப்ப தையலை எப்படிப் போடட்டும்?" என்றார்.

"நான் துணிங்கம்மா," என்றேன்.

கண்ணாடி வந்த மறுநாள் காலை, கடைவீதியில் யாரும் திறப்பதற்கு முன்னால் போனேன். கடையை அடைத்திருந்த முன்பலகைகளில் ஒன்றை மட்டும் கழற்றி உள்ளே போனேன். வெளிச்சத்துக்கு அது போதும். கட்டம் சேரவில்லையென்றால் அன்றைக்கே எதிர்க்கடையில் பட்டன் வேலை கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து, யாருடைய சட்டையிலோ மிஞ்சிய கட்டம் போட்ட துண்டு இரண்டை எடுத்தேன். கத்தரிக்கோலால் ஓரம் நேர் செய்தேன். ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கோட்டுக்குக் கோடு குண்டூசி குத்தி, மெஷினில் கொடுத்து ஒரு சாண் தைத்தேன். விரித்துப் பார்த்தேன். ஒரு நூல் அளவு ஏறியிருந்தது. பிளேடால் பிரித்தேன். நூலைப் பொறுக்கினேன். மறுபடி குத்தி, மறுபடி தைத்தேன். இந்தத் தடவை விரித்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலையை நேராக வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாகப் பார்த்து வந்தேன்; எதுவும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிறகு அந்தத் துண்டைச் சுருட்டி மூட்டைக்குள்ளேயே போட்டுக் கட்டிவிட்டு, மீதிப் பலகைகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.